ஏசி குளிரவில்லை: கேஸ் ஏற்றுவதா, கசிவைத் தேடுவதா, புதிதே வாங்கிவிடுவதா?

கத்திரி வெயில் நெருங்கும்போது சென்னையில் ஏசி மெக்கானிக் ஒருவர் கிடைப்பதே பெரிய விஷயம். அப்படிக் கிடைத்தவர் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மியா இருக்கு சார், ஏத்திடலாமா?" என்று கேட்டால், வியர்வையைத் துடைத்துக்கொண்டே சரி என்று சொல்லத்தான் தோன்றும். ஆனால் அந்த இடத்தில் நமக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: கேஸை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம், கேஸ் எங்கே போனது என்று தேடி அடைத்துவிட்டு நிரப்பலாம், அல்லது பழையதைக் கழித்துவிட்டுப் புதிது வாங்கலாம். திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசிக்கு நாங்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தோம். அந்தப் பக்கம் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில், குறை உண்மையிலேயே கேஸில்தானா என்று பார்க்க வேண்டும். ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவது, ரிமோட் கூல் மோடில் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அதற்கு அடுத்ததுதான் பலர் செய்யாதது. ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை எடுத்து, இன்டோர் யூனிட்டின் மேல்பக்கம் காற்று உள்ளே போகும் இடத்திலும், கீழே குளிர்காற்று வரும் இடத்திலும் வைத்துப் பாருங்கள். கால் மணி நேரம் ஓடியபின் இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். சென்னை மாதிரிக் காற்றில் ஈரம் அதிகமுள்ள ஊரில், குளிர்ச்சியின் ஒரு பங்கு அந்த ஈரத்தைத் தண்ணீராக்குவதற்கே போய்விடும். அதனால் 8 டிகிரியை ஒட்டி இருந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. வித்தியாசம் சரியாக இருந்தும் அறை குளிரவில்லை என்றால் குறை ஏசியில் இல்லை. மொட்டை மாடிக்குக் கீழ் அறையாக இருக்கும், அல்லது அறைக்கு அந்த டன் போதாது. அங்கே எவ்வளவு கேஸ் ஏற்றினாலும் பயனில்லை.

வித்தியாசம் 3, 4 டிகிரிதான் என்றால் பனி எங்கே பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவுட்டோர் யூனிட் பால்கனியில் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் இதை நாமே பார்க்கலாம். வெளிச்சுவரில் தொங்கினால் மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லலாம். அவுட்டோரின் பக்கவாட்டில் இரண்டு செம்புக் குழாய்கள் வந்து சேரும், ஒன்று மெலிது, ஒன்று தடிமன். நன்றாக ஓடும்போது இரண்டும் சில்லென்று வியர்த்திருக்கும். மெல்லிய குழாயின் வால்வில் மட்டும் வெள்ளையாகப் பனி படிந்து, தடித்த குழாய் காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தால் பெரும்பாலும் கேஸ் குறைவுதான். தடித்த குழாயிலும் பனி, உள்ளே காயில் எனப்படும் குழாய்ச்சுருள் முழுக்கப் பனி என்றால் காரணம் கேஸ் அல்ல. காற்று சரியாகப் போகவில்லை. ஃபில்டரோ, காயிலோ, உள்ளே உருளையாகச் சுற்றும் புளோயரோ அழுக்கடைந்திருக்கும். அதற்கு நல்ல வாட்டர் சர்வீஸ் போதும்.

இன்னொன்று, அவுட்டோர் ஃபேன் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரும் காற்றில் சூடே இல்லை என்றால் கம்ப்ரஸர் ஓடவில்லை என்று சந்தேகிக்கலாம். சாதாரண ஏசியில் அதற்குப் பல நேரம் கெப்பாசிட்டர்தான் காரணம், சில நூறு ரூபாய் சமாசாரம். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸருக்கு அந்தக் கெப்பாசிட்டர் கிடையாது, அங்கே பிசிபி என்ற மின்னணுப் பலகையைப் பார்ப்பார்கள்.

சரி, கேஸ்தான் குறைவு என்று உறுதியாகிவிட்டது. ஏசிக்குள் கேஸ் என்பது எரிபொருள் இல்லை. செலவாகாது. மூடிய குழாய்க்குள் ஆவியாகி, மறுபடி திரவமாகி, அதே கேஸ் சுற்றிச் சுற்றி வருகிறது. வீட்டு ஃப்ரிட்ஜ் பத்துப் பதினைந்து வருடம் ஒரு முறைகூட கேஸ் ஏற்றாமல் ஓடுவதும் இதனால்தான். "வருஷா வருஷம் கொஞ்சம் குறையத்தான் சார் செய்யும்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது.

முதல் வழியான டாப்-அப்புக்கு இருக்கும் ஒரே பலம் வேகம். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அன்று இரவு நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்யப்போகிறவருக்கும், வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருந்து அன்றைக்கே குளிர் வேண்டும் என்பவருக்கும் இது நியாயமான வழிதான். மற்றவர்களுக்கு இது பிரச்சினையைத் தள்ளிப்போடுவது மட்டுமே. கசிவு சின்னதாக இருந்தால் அடுத்த கோடைவரை தாங்கும், பெரிதாக இருந்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது.

டாப்-அப்பில் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை அளவு பற்றியது. இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸரின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும், அதற்கேற்பக் கேஜின் முள்ளும் மாறும். ஏசியை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் தீராது. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும்வரை அழுத்தம் வெளி வெப்பநிலையைப் பொறுத்தே இருக்கும், எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று அது சொல்லாது. ஆக, பிரஷர் பார்த்து ஏற்றுவது பாதி ஊகம். குறைவாக ஏற்றினால் குளிராது, அதிகமாக ஏற்றினால் கம்ப்ரஸருக்கு வீண் சுமை. ஆர்410ஏ என்ற வகைக் கேஸ் போட்ட ஏசியில் இன்னொரு சங்கடம், அது ஆர்32, ஆர்125 என்ற இரண்டைச் சம எடையில் கலந்த கேஸ். அதனால் சிலிண்டரிலிருந்து திரவமாகத்தான் ஏற்ற வேண்டும், ஆவியாக ஏற்றினால் கலவை மாறும். ஆர்32 தனி ஒரு கேஸ் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாவது வழிக்கு அரை நாள் ஆகும். முதல் வேலை கண்ணால் பார்ப்பது. கம்ப்ரஸர் எண்ணெய் கேஸோடு சேர்ந்தே சுற்றுவதால், கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் மெல்லக் கசிந்து, அதன்மேல் தூசி ஒட்டிக் கறுப்பாகப் பிசுபிசுப்பு படியும். எங்கள் ஏசியில் அது அவுட்டோரின் தடித்த குழாய் சேரும் நட்டின் அடியில் இருந்தது. விரலால் தொட்டால் கருமை ஒட்டியது. சோப்புத் தண்ணீர் தடவியதும் நட்டின் ஒரு ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னக் குமிழ்கள் நிதானமாக வந்துகொண்டே இருந்தன. நட்டைக் கழற்றிப் பார்த்தால், புனல் மாதிரி விரித்த குழாயின் வாயில், ஃபிளேர் என்பார்களே, அங்கே முடி அகலத்துக்கு ஒரு விரிசல். குழாயை அந்த இடத்தில் வெட்டிவிட்டுப் புதிதாக ஃபிளேர் செய்தார்கள். பழைய ஏசிகளில் இருந்த ஆர்22 கேஸைவிட இப்போது வரும் ஆர்32-இன் அழுத்தம் கிட்டத்தட்ட 1.6 மடங்கு, அந்தக் காலத்துக் கைப்பழக்கத்தில் போட்ட ஃபிளேர் இதற்குத் தாங்காது.

அப்புறம் நைட்ரஜன். கசிவு கண்ணுக்குத் தெரியாதபோதும், அடைத்தபின் சரிபார்க்கவும் நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றிக் கொஞ்ச நேரம் விட்டு, முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். நைட்ரஜன் இல்லை என்று ஆக்சிஜன் சிலிண்டரை மாட்ட யார் முயன்றாலும் அனுமதிக்காதீர்கள்; உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். குழாயைச் சூடாக்கி உலோகம் உருக்கி ஒட்டும் பிரேசிங் தேவைப்பட்டால் உள்ளே ஆர்32 மிச்சம் இருக்கக் கூடாது. அது லேசாகத் தீப்பிடிக்கும் வகை, எரிந்தால் நச்சுப்புகையும் வரும்.

அடுத்தது வேக்கம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது. இதைத்தான் நேரமில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள், கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு உள்ளிருக்கும் காற்றைத் தள்ளிவிட்டால் போதும் என்கிறார்கள். போதாது. குழாய்க்குள் தங்கும் ஈரம் இன்றைய கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும், தங்கும் காற்றோ அழுத்தத்தைக் கூட்டும். வேக்கம் பம்பை மாட்டி அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (வேக்கத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, வால்வை மூடி, அது அப்படியே நிற்கிறதா என்று பார்த்தபின்தான் கேஸ். அதையும் தராசில் சிலிண்டரை வைத்து எடை போட்டு ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்பது அவுட்டோர் ஸ்டிக்கரிலேயே கேஸின் பெயரோடு அச்சிட்டிருக்கும். குழாய் நீளம் கூடுதலாக இருந்தால் மீட்டருக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பது மேனுவலில் இருக்கும். ஊகத்துக்கு இடமே இல்லாத இந்த ஒரு படிக்காகவே நான் இரண்டாவது வழிக்கு ஓட்டுப் போடுவேன்.

எங்களுக்கு டாப்-அப்பைவிட இரண்டாயிரம் ரூபாய் போலக் கூடுதலாக ஆனது. அதை ஏன் கொடுக்கலாம் என்றால், பதில் கம்ப்ரஸரில் இருக்கிறது. கம்ப்ரஸர் தன் சூட்டைத் தணித்துக்கொள்வது, திரும்பி வரும் குளிர்ந்த கேஸால்தான். கேஸ் குறைந்தால் அது காய்ந்துகொண்டே ஓடும், எண்ணெயும் சரியாகத் திரும்பி வராது. ரிமோட்டில் வைத்த 24 டிகிரியை அறை எட்டாததால் வேகத்தைக் குறைக்கவும் மாட்டாது, இரவெல்லாம் முழுமூச்சாக ஓடும். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதால், அந்த ஓட்டம் கரண்ட் பில்லில் உடனே தெரியும். கம்ப்ரஸருக்கு 10 வருட வாரண்டி என்று விளம்பரம் செய்யும் ஏசிகளிலும் கேஸுக்கும் கூலிக்கும் பெரும்பாலும் தனியாகப் பணம் கேட்பார்கள், கார்டைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு கோடையிலும் டாப்-அப் செய்துகொண்டே கம்ப்ரஸரை வதைப்பதைவிட, ஒரு முறை அடைப்பது எந்தக் கணக்கிலும் மலிவு.

ஆனால் கசிவு நட்டில் இல்லாமல் காயிலில் இருந்தால் நான் இவ்வளவு உறுதியாகப் பேசமாட்டேன். கடற்கரைப் பகுதிகளில் உப்புக்காற்று அவுட்டோர் காயிலை அரிக்கும், தகடுகள் வெள்ளையாகப் பொடிந்து உதிரும். செம்புக் காயிலில் ஒரு ஊசித்துளையைப் பிரேசிங் செய்து அடைக்கலாம், ஆனால் அரிப்பால் வந்த துளை என்றால் பக்கத்திலேயே இன்னொன்று வர வாய்ப்பு அதிகம். அங்கே காயிலை மாற்றுவதே நல்லது என்பது எங்கள் மெக்கானிக்கின் கருத்து. அலுமினியக் காயில் என்றால் அடைப்பது இன்னும் கடினம் என்றும் சொன்னார். இரண்டையும் நான் அனுபவித்துப் பார்த்ததில்லை.

மூன்றாவது வழியை நீட்டி முழக்கத் தேவையில்லை. பத்து வருடம் தாண்டிய ஏசி, ஆர்22 கேஸ், இன்டோர் காயிலிலேயே கசிவு என்று இவற்றில் இரண்டு சேர்ந்துவிட்டால் புதிது வாங்கிவிடலாம். ஆர்22-ஐ உலகமே கைவிட்டு வருகிறது, அதற்குச் செலவழிக்கும் பணம் திரும்பாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும் ஒரு சாதகம். ஐந்தாறு வருட ஏசியை ஒரு ஃபிளேர் கசிவுக்காகக் கழிப்பது மட்டும் வேண்டாம்.

மெக்கானிக்கை வரச்சொல்லும் முன் போனிலேயே மூன்று கேள்விகள் கேளுங்கள். நைட்ரஜன் சிலிண்டர் கொண்டு வருவீர்களா? வேக்கம் பம்ப் இருக்கிறதா? கேஸை எடை போட்டு ஏற்றுவீர்களா? மூன்றுக்கும் ஆமாம் என்பவர் ஒரு வாரம் கழித்துத்தான் வர முடியும் என்றாலும், அதுவரை ஏசியை நிறுத்திவிட்டு ஃபேனில் சமாளியுங்கள். வேலை முடிந்ததும் எத்தனை கிராம் ஏற்றினார், எந்த இடத்தில் கசிவு என்பதைப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு யாராவது வந்து மறுபடி கேஸ் கம்மி என்று சொன்னால், முதலில் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டிய இடம் அதுதான்.