ரப்பர் பூட்ஸா, தோல் பூட்ஸா? புதிய தன்னார்வத் தீயணைப்பாளர் எடுக்க வேண்டிய முடிவு

நியூ ஜெர்சியில் நான் வசிக்கும் சிற்றூரின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் சென்ற ஆண்டு சேர்ந்தபோது, மேலங்கி, கால்சட்டை, ஹெல்மெட், கையுறை ஆகியவற்றை நிலையத்திலேயே அளவு பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். நானாக முடிவெடுக்க வேண்டியிருந்தது பூட்ஸ் விஷயத்தில்தான். ரப்பர் பூட்ஸ் இலவசம். தோல் பூட்ஸ் வேண்டுமானால் கூடுதல் தொகையை நாமே செலுத்த வேண்டும். நான் ரப்பரைத் தேர்ந்தெடுத்தேன். ஓராண்டு கழித்தும் அந்த முடிவில் எனக்கு மாற்றமில்லை.

விரல்களைக் காக்கும் கவசமும், ஆணி ஏறாமல் தடுக்கும் அடித்தகடும் இரண்டிலும் உண்டு. தோல் பூட்ஸ் எடை குறைவு. குதிகாலை இறுகப் பற்றுவதால் ஏணியில் ஏறும்போது கால் நிலையாக நிற்கும். மூத்த வீரர்களுள் பலர் அதை விரும்புவதற்கு இதுவே காரணம். அவர்கள் சொல்வதில் தவறில்லை.

ஆனால் தன்னார்வலருக்கு முதன்மையான கேள்வி, தீயை அணைத்துவிட்டுத் திரும்பிய பிறகு பூட்ஸை எப்படிச் சுத்தம் செய்வது என்பதே. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் தீயணைப்புப் பணியையே புற்றுநோய் விளைவிக்கும் தொழிலாக வகைப்படுத்தியது. இன்றைய வீடுகளில் எரிவது மரமும் துணியும் மட்டுமல்ல. பிளாஸ்டிக்கும் நுரைமெத்தையும் எரிந்து எழும் கரி நம் உடைகளிலும் காலணியிலும் படிகிறது. ரப்பர் பூட்ஸின் வெளிப்புறத்தில் படிந்த கரியை, மென்மையான சோப்பு நீரும் தூரிகையும் கொண்டு நிலைய வாசலிலேயே தேய்த்துக் கழுவிவிடலாம். தோலோ நுண்துளைகள் கொண்டது, படிவதை உறிஞ்சிக்கொள்ளும். கழுவினாலும் வெப்பத்தில் காயவைக்க முடியாது, வெடித்துவிடும். நிழலில் மெதுவாக உலரவிட்டு, தயாரிப்பாளர் சொல்லும் களிம்பைப் பூச வேண்டும். வேலைக்கும் வீட்டுக்கும் இடையே ஓடிவந்து தொண்டு செய்பவர்களுக்கு அந்தப் பராமரிப்புக்கான நேரம் கிடைப்பதில்லை. நம்மில் பலர் உபகரணங்களைக் காரின் பின்பகுதியில் வைத்துக்கொண்டு திரிகிறோம். அதே காரில்தான் குழந்தைகளும் பள்ளிக்குப் போகிறார்கள். எனக்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

ரப்பருக்கும் குறைகள் உண்டு. கோடையில் உள்ளே வியர்த்து ஈரமாகிவிடும், குளிர்காலத்தில் பாதம் விறைக்கும். வெயில் படும் இடத்தில் தொடர்ந்து வைத்தால் நாளடைவில் ரப்பரும் வெடிக்கும். தோல் பூட்ஸை நான் மூன்று பயிற்சிகளில் மட்டுமே இரவல் வாங்கி அணிந்திருக்கிறேன். ஆகவே பல ஆண்டுப் பயன்பாட்டில் அது எப்படி இருக்கும் என்பதில் மூத்தவர்களின் சொல்லையே நம்ப வேண்டும். தெற்கு நியூ ஜெர்சியின் பைன் பேரன்ஸ் காடு போன்ற காட்டுத்தீப் பகுதிகளில் பணிபுரிவோருக்கு இந்த அலசல் பொருந்தாது. நெடுந்தூரம் நடக்க வேண்டிய அங்கே கயிறு கட்டும் தோல் பூட்ஸ்தான் சரி.

ஒருவர் பயன்படுத்தியதை வாங்கினால், உள்ளே தைத்திருக்கும் சீட்டில் தயாரிப்பு நாளைப் பாருங்கள். அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) வெளியிட்ட 1851 நெறிமுறை, எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும் தயாரித்து 10 ஆண்டுகளுக்கு மேற்பட்டதை அணியக் கூடாது என்றது. ரப்பர் பூட்ஸை அணிந்து பார்க்கும்போது, அழைப்புக்குப் போகையில் போடும் அதே தடித்த காலுறையோடு படிக்கட்டில் ஏறி இறங்கிப் பாருங்கள். குதிகால் எழும்பினால் அரை அளவு சிறியதைக் கேளுங்கள்.