இரவுக்கு ஒன்று, மைதானத்துக்கு ஒன்று: பல்காப்புகளோடு நான்கு ஆண்டுகள்

தூக்கத்தில் கடித்துப் பல் தேயாமலிருக்க நான் மாட்டும், விரிசல் விட்டிருந்த என் இரவுக் காப்பு, ஒட்டுவேலை முடிந்து சென்ற செவ்வாய்க்கிழமைதான் கைக்கு வந்தது. அது ஆய்வகத்தில் கிடந்த ஒன்பது இரவுகளில் நான் பட்ட பாடும், அதே வாரத்தில் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வியும் சேர்ந்துதான் இதை எழுத வைத்தன. அவருடைய பன்னிரண்டு வயது மகன் கோவில்பட்டியில் ஹாக்கிப் பயிற்சிக்குப் போகிறான். உடன் ஆடும் பையன் ஒருவனுக்கு மட்டை பட்டு முன்பல் வேரோடு வந்துவிட்டதைப் பார்த்த நாளிலிருந்து நண்பருக்கு நிம்மதி இல்லை. "அண்ணாச்சி, ராத்திரி போடுறதுக்குன்னு நீங்க ஒண்ணு வச்சிருக்கீங்களே, அதையே பையனுக்கும் செஞ்சு கொடுத்தா ஆகாதா?" என்று கேட்டார்.

ஆகாது. பார்வைக்கு இரண்டும் மேல்வரிசைப் பல்லில் மாட்டும் உறை போலத்தான் இருக்கும். ஆனால் ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்யாது. என் இரவுக் காப்பு கடினமான அக்ரிலிக்கால் ஆனது. பல்லுக்குப் பதிலாகத் தான் தேய்வதே அதன் வேலை. மைதானக் காப்பு எத்திலீன் வினைல் அசிட்டேட் என்ற மென்மையான பொருளால் ஆனது. விழும் அடியை ஒரே பல்லில் இறங்கவிடாமல் வரிசை முழுவதற்கும் பரப்புவதும், மோவாயில் அடி விழும்போது கீழ்ப்பல் மேல்பல்லில் மோதாமல் இடையில் நிற்பதும், உதடும் நாக்கும் பல்லில் பட்டுக் கிழியாமல் காப்பதும் அதன் வேலை. அக்ரிலிக்கை மைதானத்தில் மாட்டிக்கொண்டால் அடி விழும்போது அது உடைந்து, அதன் சில்லே வாயைக் கிழித்துவிடக்கூடும். மென்மையானதை இரவில் மாட்டிக்கொண்டால், மெல்லுவதற்கு ஏதோ கிடைத்துவிட்டது போலச் சிலருக்குத் தாடை இன்னும் இறுக்கமாகக் கடிக்கத் தொடங்கும். அந்தச் சிலரில் நானும் ஒருவன். பணத்தை மிச்சம் பிடிக்க எண்ணி இணையத்தில் வாங்கிய மென்காப்பு ஒன்றை நான்கே மாதங்களில் கடித்து ஓட்டை போட்டதோடு, அந்த நான்கு மாதங்களும் காலையில் வாயைத் திறக்கவே சிரமப்பட்டேன்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. வயிற்றில் பூச்சி என்று சொல்லி அம்மா வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பல் கடிப்பது மட்டும் நிற்கவில்லை. முப்பத்தெட்டு வயதில் வேறு ஏதோ பல்வலிக்காகப் போனபோதுதான் மருத்துவர் கையில் கண்ணாடியைக் கொடுத்து என் கோரைப்பற்களைப் பார்க்கச் சொன்னார். அவற்றின் கூர்மை முழுவதும் போய், அரம் வைத்துத் தேய்த்ததுபோல, பக்கத்துப் பற்களோடு ஒரே மட்டமாக இருந்தன. தேய்ந்துபோன எனாமல் மறுபடி வளராது என்று அவர் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது. காப்பு செய்வதற்கு முன்பு, குறட்டை உண்டா, இடையிடையே மூச்சுத் திணறி விழிக்கிறேனா, மாலையில் எத்தனை காப்பி குடிக்கிறேன், வேறு மருந்து ஏதும் எடுக்கிறேனா என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் இருந்தால் அதை முதலில் கவனிக்க வேண்டுமாம். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் உடனே அளவெடுக்க வருபவரிடம் காப்பு செய்துகொள்ள வேண்டாம் என்பதே என் எண்ணம்.

காப்பு பல் கடிப்பதை நிறுத்திவிடும் என்று எதிர்பார்த்து வாங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள். அது நிறுத்தாது; சேதத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். மாட்டத் தொடங்கிய மூன்றாவது வாரத்திலேயே காலையில் எழும்போது இருந்த பொட்டுவலி போய்விட்டது. ஆண்டு முடிவில் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கோரைப்பல் உரசும் இடத்தில் நகக்கண் ஆழத்துக்குப் பளபளவென்று ஒரு வாய்க்கால் ஓடியிருந்தது. அந்த வாய்க்கால் என் பல்லில் விழுந்திருக்க வேண்டியது. நான் கொடுத்த நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் அந்த ஒரு கோட்டுக்கே சரியாகப் போயிற்று.

இவ்வளவும் சொன்ன பிறகும் என் மனம் ஆறாததற்குக் காரணம் இடது கடைவாய். காப்பு கைக்கு வந்த முதல் நாளிலிருந்தே அந்தப் பக்கம் ஒரு புள்ளி மட்டும் சற்று உயரமாக இருப்பதால், அங்கே மற்ற இடங்களைவிட முன்னதாகக் கடி விழுகிறது. மருத்துவர் நீலத்தாளை இடையில் வைத்து, "கடிங்க, அப்படியே இடது வலது அரைங்க" என்பார்; பதிந்த நீலப் பொட்டுகளைப் பார்த்து, அழுத்தமான இடத்தை மட்டும் கருவியால் சீவுவார்; கருகிய பிளாஸ்டிக் வாடை எழும்; மறுபடி தாள், மறுபடி அரைப்பு. நாற்காலியில் சரியாகத்தான் இருக்கும். இரவில் தலையணையில் பக்கவாட்டில் படுத்துக் கண்ணை மூடியதும் அந்தப் புள்ளி மட்டும் சோற்றில் கிடக்கும் கல்லைப்போல உறுத்தும். முதல் மாதத்தில் மூன்று முறை போனேன். அதன் பிறகு ஆண்டுக்கு இரண்டு முறையாவது போகிறேன். இந்த மாதம் விரிசல் விட்டதும் அதே இடத்தில்தான். முதல் நாளே உறுத்துகிறது என்று சொன்ன ஓர் இடம், நான்காம் ஆண்டில் உடைந்து நிற்கும்போது அதன் ஒட்டுவேலைக்கும் நானே பணம் கட்ட வேண்டியிருந்தது என்பதை என்னால் எளிதில் விழுங்க முடியவில்லை. நியாயமாகச் சொல்வதானால், சென்ற ஆண்டு அவசரத்தில் ஒரு முறை அதை வெந்நீரில் கழுவியதும் உண்மை. அக்ரிலிக்குக்குச் சூடு ஆகாது, குளிர்ந்த நீரில் மென்மையான பிரஷால் தேய்த்தால் போதும், பற்பசைகூட அதன் மேல் கீறல் விழச் செய்யும் என்றெல்லாம் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு நாள் வெந்நீர் எவ்வளவு கெடுத்தது, முதலிலிருந்த உயரம் எவ்வளவு கெடுத்தது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

மைதானக் காப்பின் கதை வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஆடுவது பழைய நண்பர்களின் ஹாக்கி ஆட்டந்தான் என்றாலும், 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ள பந்து யாருக்காகவும் மெதுவாக வராது. குத்துச்சண்டையில் பல்காப்பு இல்லாமல் வளையத்துக்குள் ஏற முடியாது. ஹாக்கியிலோ சர்வதேசக் கூட்டமைப்பின் விதிநூல் கள ஆட்டக்காரர்களுக்கு அதைப் பரிந்துரைப்பதோடு நின்றுவிடுகிறது. அதனால் எங்கள் பையன்கள் பலர் போடுவதில்லை. 2002இல் ஆண்டிகுவாவில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தில் உடைந்த தாடைக்குக் கட்டுப்போட்டுக்கொண்டு கும்ப்ளே பந்து வீசி லாராவை வீழ்த்தியதைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்த மனத்திடத்தை நானும் வணங்குகிறேன். ஆனால் தாடை உடைவது வீரத்தின் அடையாளம் என்று பன்னிரண்டு வயதுப் பையன் எடுத்துக்கொண்டுவிடக் கூடாதே என்பது என் கவலை.

முதலில் வாங்கியது, வெந்நீரில் முக்கி இளக்கி வாயில் வைத்துக் கடித்துப் பதிய வைக்கும் வகை. அது மேல்வரிசையில் தானாக நிற்காது. வாயைத் திறந்தால் நழுவும். நழுவாமல் இருக்கப் பல்லால் கடித்தே பிடித்திருக்க வேண்டும். இரவெல்லாம் பல் கடிப்பவனைப் பகலிலும் ஒன்றரை மணி நேரம் கடிக்க வைக்கும் அந்தப் பொருள்மீது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அதைக் கடித்துக்கொண்டு பந்துக்குக் குரல் கொடுக்கவும் முடியாது. அடுத்த பருவத்தில் அளவெடுத்துப் பிளாஸ்டர் அச்சின்மேல் செய்ததை வாங்கினேன். அது ஈறோடு ஒட்டி நிற்கிறது. வாயை முழுதாகத் திறந்து கத்தினாலும் அசைவதில்லை. சென்ற கார்த்திகையில் மட்டையில் பட்டுத் தெறித்த பந்து நேராக என் மேலுதட்டில் வந்து விழுந்தது. உதடு இரண்டு நாள் வீங்கியிருந்தது. பல் ஒன்றுகூட ஆடவில்லை. காப்பின் முன்புறம் மட்டும் சிறிது அமுங்கியிருக்கிறது.

நண்பர் மகனுக்கு நான் சொன்னது இதற்கு நேர்மாறாகத் தோன்றலாம்: இப்போதைக்கு வெந்நீர் வகையே போதும். அவனுக்குக் கோரைப்பல் இன்னும் முழுதாக இறங்கவில்லை. அளவெடுத்துச் செய்தால் சில மாதங்களில் அளவு மாறிவிடும். வெந்நீர் வகையில் மறுபடி இளக்கிப் பதிய வைக்கக்கூடியதும் உண்டு. இல்லையென்றாலும் அடிக்கடி மாற்ற விலை கையைக் கடிக்காது. ஆனால் பதிய வைத்த பின் வாயைத் திறந்தாலும் விழாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மைதானத்துக்கு அனுப்ப வேண்டும். பல் விழுந்த அந்தப் பையனைப் பற்றியும் சொன்னேன். பயிற்சியாளர் பல்லின் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்தெடுத்து, துடைக்காமல், டீக்கடையில் வாங்கிய காய்ச்சாத பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்த்துவிட்டார். பல் பழைய இடத்திலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. நிலைத்த பல்லுக்குத்தான் இது பொருந்தும். பால்பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், மைதானக் காப்புக்குத் தயங்காமல் ஐந்து. என் பல்லை உண்மையில் நாள்தோறும் காப்பாற்றிவரும் இரவுக் காப்புக்கு, இன்றைய மனநிலையில் மூன்றுக்கு மேல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒட்டுவேலை முடிந்து வந்ததை நான்கு இரவுகளாக மாட்டிப் பார்க்கிறேன். இடது பக்கம் இன்னும் உயரமாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை காலை மறுபடியும் நீலத்தாளுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.