இடுப்பு வலிக்கு ஊசியா, தொடுதலா, மாத்திரையா, பயிற்சியா?

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் முன் நாள் முழுக்கக் குனிந்திருக்கும் டெய்லருக்கும், சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிகளுக்கு நடுவே நின்றே ஷிப்டை முடிப்பவருக்கும் இடுப்பு வலி கூடப் பிறந்தது போல ஒட்டிக்கொள்கிறது. முன்பெல்லாம் மெடிக்கல் ஷாப் மாத்திரைதான் கதி. இன்று அக்குபங்சர் போர்டுகளும் கண்ணில் படுகின்றன. அதிலும் இரண்டு பிரிவு: ஊசி குத்துபவர்கள் ஒரு பக்கம், நாடி பார்த்து, ஒரே புள்ளியை விரலால் தொட்டு அனுப்புபவர்கள் மறுபக்கம். எங்கள் முறைதான் சரி என்று இரு தரப்பும் அடித்துச் சொல்கின்றன. ஆய்வுகள் சொல்வது வேறு.

ஜெர்மனியில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. சராசரியாக 8 ஆண்டுகள் இடுப்பு வலியோடு இருந்த 1,162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அக்குபங்சர் முறை சொல்லும் உடற்புள்ளிகளில் ஊசி. இன்னொன்றுக்கு அந்தப் புள்ளிகள் அல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாவதற்கு மாத்திரை, பிசியோதெரபி என்ற வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பலன் கண்டவர்கள் முதல் குழுவில் 47.6 சதவீதம், இரண்டாவதில் 44.2, மூன்றாவதில் 27.4. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வலி குறைந்தது உண்மை. எந்த இடத்தில் குத்தினோம் என்பது ஏறக்குறைய ஒரு பொருட்டாகவே இல்லை என்பதும் அதே அளவு உண்மை. மூன்றாம் குழுவின் எண்ணை மட்டும் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் வலியோடு அலைந்தவர்களுக்குப் பழைய சிகிச்சையே திரும்பக் கிடைத்தது. ஊசிக் குழு தங்களுக்கு வாய்க்கவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். வலியை அளந்து சொல்வதில் எதிர்பார்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

தொடு சிகிச்சைக்காரர்கள் அறிய வேண்டிய ஆய்வு 2009இல் அமெரிக்காவில் வந்தது. 638 பேர் பங்கேற்ற அதில், ஒரு குழுவுக்கு ஊசிக்குப் பதிலாகச் சின்னக் குழாய் வழியே பல்குத்தும் குச்சியால் தோலைத் தொட மட்டும் செய்தார்கள். நோயாளி குப்புறப் படுத்திருப்பதால் வித்தியாசம் தெரியாது. எட்டு வாரத்தில் ஊசிக் குழுக்களிலும் குச்சிக் குழுவிலும் சுமார் 60 சதவீதம் பேருக்கு அன்றாட நடமாட்டம் எளிதானது. வழக்கமான சிகிச்சையில் மட்டும் இருந்தவர்களில் 39 சதவீதம். ஆகவே தொட்டால் வலி குறைகிறது என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஓய்வாகப் படுப்பது, ஒருவர் பொறுமையாகக் கவனிப்பது, சரியாகிவிடும் என்ற நம்பிக்கை எல்லாம் வலியைத் தணிக்கும்.

ஆனால் அவை சர்க்கரையைக் குறைக்காது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். முதுகு வலிக்குப் போனவரிடம், சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் உடம்பில் கழிவைச் சேர்க்கின்றன, நிறுத்திவிடுங்கள் என்று சொல்லி அனுப்பும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. இன்சுலினை நம்பி வாழும் குழந்தைக்கு அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போகும் நிலை வரும். வலி குறைந்ததைச் சாட்சியாகக் காட்டி இன்சுலினை நிறுத்தச் சொல்வதற்கு எந்த ஆய்விலும் இடமில்லை. அப்படிச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசிக்கு அதன் ஆபத்துகள் உண்டு. அரிதானவை, ஆனால் கற்பனை அல்ல. ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கண்காணித்தபோது 8.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பக்கவிளைவு இருந்தது. பெரும்பாலும் ரத்தக் கசிவு, கன்றிப்போவது, குத்திய இடத்தில் வலி. இரண்டு பேருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தது. டெய்லர்கள் கழுத்து வலியென்று போனால் தோள்மேட்டில் ஊசி போடுவார்கள். அதற்கு நேர் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஊசி போட்ட அன்றோ மறுநாளோ மூச்சு வாங்கினால் காத்திருக்கக் கூடாது. பாக்கெட்டை உங்கள் கண்முன் பிரித்துப் புது ஊசியை எடுக்கிறாரா என்றும் பாருங்கள். பழைய ஊசி மஞ்சள் காமாலைக் கிருமியைக் கடத்தும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வலி மாத்திரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டைக்ளோபெனாக் இரண்டு மூன்று நாளுக்குக் கைகொடுக்கும். வெறும் வயிற்றில் டீயோடு மாதக்கணக்கில் விழுங்கினால் குடலில் புண், சிறுநீரகப் பழுது, இதயத்துக்கும் கேடு. பட்டியலில் எனக்கு மிகவும் அச்சமூட்டுவது இதுதான்.

என் ஓட்டு உடற்பயிற்சிக்கு. நாள்பட்ட இடுப்பு வலி பற்றிய 249 ஆய்வுகளைத் தொகுத்த 2021ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் சர்வதேச அமைப்பு) அலசலில், சிகிச்சையே பெறாதவர்கள் போன்றோரோடு ஒப்பிட்டால், பயிற்சி செய்தவர்களுக்கு 100 புள்ளி அளவுகோலில் வலி சுமார் 15 புள்ளி குறைந்தது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009இல் இடுப்பு வலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைத்து, 2016இல் விலக்கிக்கொண்டது, பயிற்சியை வைத்துக்கொண்டது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் சங்கம் 2017இல் மாத்திரைக்கு முன் முயல வேண்டியவற்றில் பயிற்சி, அக்குபங்சர் இரண்டையும் சேர்த்தது. பயிற்சியை ஒரு முறை கற்றுக்கொண்டால் வீட்டுத் திண்ணையிலேயே தொடரலாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது.

பயிற்சியோடு கூட ஊசியும் வேண்டுமென்றால், சுத்தமாக ஊசி போடுபவரிடம் சில வாரங்கள் போய்ப் பாருங்கள். மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். ஆனால் கால் மரத்துப் பலமிழந்தாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ, வலியோடு காய்ச்சல் இருந்தாலோ இந்த நான்கில் எதுவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.