மாருதி 800 டெம்பரேச்சர் மீட்டர் கோளாறா? புதுப்பேட்டையில் ஒரு நல்ல எலக்ட்ரீஷியன் இருக்கிறார்

முள் எகிறுகிறது என்று சொன்னவுடனே ரேடியேட்டரில் கை வைக்காத ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனைப் பற்றி எழுதுகிறேன், பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உபயோகப்படும். கடை சென்னை புதுப்பேட்டையில், பழைய கதவும் பம்பரும் அடுக்கி வைத்திருக்கும் கடைகளுக்கு நடுவில் ஒரு சந்தில் இருக்கிறது. போர்டில் வெறும் 'ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸ்' என்றுதான் எழுதியிருக்கும். பெரியவர் ஒருவரும் உதவிக்கு ஒரு பையனும், அவ்வளவுதான்.

வண்டி 1997 மாருதி 800, கார்புரேட்டர் மாடல். ஓடிக்கொண்டிருக்கும்போதே டெம்பரேச்சர் முள் சில நொடிகளில் ஹெச்சை (ஹாட், சூடு) தொட்டுவிடும், கொஞ்ச தூரம் போனால் தானாக இறங்கிவிடும், இறங்கினால் எவ்வளவு டிராபிக்கில் நின்றாலும் சி-க்கு (கோல்ட், குளிர்) பக்கத்திலேயே கிடக்கும். முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்த கையோடு ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும், ரேடியேட்டரும் அடைத்திருக்கும், 14,000 ரூபாய் ஆகும் என்றார்கள். கூலண்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) குறைகிறதா, ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதா, எதையும் பார்க்கவில்லை. சில மாதங்களுக்கு முன்னால் எஞ்சின் சூட்டை மீட்டருக்குச் சொல்லும் சென்சாரை மாற்றிக் கொடுத்ததும் அதே இடம்தான்.

புதுப்பேட்டைக்காரர் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "முள்ளு மெதுவா ஏறுதா, சட்டுனு ஏறுதா தம்பி?" சட்டென்று ஏறுகிறது என்றேன். அப்படியென்றால் அது சூடு கிடையாது, ஒயர் கோளாறு என்று சொல்லிவிட்டார். யோசித்துப் பார்த்தால் சரிதான், எஞ்சினுக்குள் சுற்றும் அத்தனை தண்ணீரும் கொதிநிலைக்குப் போக நிமிஷக்கணக்கில் ஆகும், இறங்குவதற்கும் அதே மாதிரி நேரம் வேண்டும், சில நொடிகளில் ஏறி இறங்குவது கரண்டால்தான் முடியும்.

சொன்னதை அப்படியே நம்பச் சொல்லவில்லை, காட்டினார். எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து சாவியை மட்டும் ஆன் பண்ணி, சென்சாரில் இருந்த ஒற்றை ஒயரைப் பிடுங்கினார். முள் சி-யில் நின்றது. அந்த ஒயர் முனையை ஒரு சின்ன பல்பு வழியாக எஞ்சினில் எர்த் கொடுத்தார், பல்பு எரிந்தது, முள் நிதானமாக மேலே போனது. ஆக மீட்டர் நல்ல மீட்டர், அதுவரை போகும் ஒயரும் எங்கேயும் அறுந்திருக்கவில்லை. (சிலர் ஒயரை நேராக எர்த்தில் வைத்துப் பார்ப்பார்கள். அதிலும் முள் ஏறும், ஆனால் அதிக நேரம் பிடித்தால் மீட்டர் காயில் கருகிவிடும், அதற்குத்தான் பல்பு என்றார்.)

அடுத்து செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒயரை சென்சாரில் மாட்டாமல் அப்படியே தொங்கவிட்டு, ஹார்னஸை (ஒயர்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு) ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டே வந்தார். பையன் உள்ளே உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹார்னஸ் ஒரு தகர பிராக்கெட்டை ஒட்டி வளையும் இடத்தில் கை வைத்ததும் "ஏறுதுண்ணே!" என்று கத்தினான். எஞ்சின் சில்லென்று இருக்கிறது, சென்சார் இணைப்பிலேயே இல்லை, முள் மட்டும் ஹெச்சை நோக்கிப் போகிறது. டேப்பை உரித்துக் காட்டினார்: ஒயரின் மேல்தோல் தேய்ந்து அரை அங்குல நீளத்துக்குச் செம்பு பளபளவென்று தெரிந்தது. எஞ்சின் ஆடும்போதெல்லாம் அது பிராக்கெட்டில் உரசி எர்த் ஆகியிருக்கிறது. இதற்கா ஹெட்டைக் கழற்றச் சொன்னார்கள் என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

ஒயரை வெட்டி ஒட்டி ஸ்லீவ் போட்டதோடு அவர் விடவில்லை. மற்ற நேரம் முள் ஏன் சி-யிலேயே கிடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். இதை நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் முள் தப்பாக ஏறினால் பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டிவிடுவோம், தப்பாகக் கீழேயே கிடந்தால் ஹெட் வளைகிறவரை தெரியாமல் ஓட்டுவோம். எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) ஹவுசிங்கில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் கன்னைக் காட்டினார் (பளபளக்கும் அலுமினியத்தில் நேராகக் காட்டினால் அளவு குறைவாகக் காட்டும்). 86 டிகிரி. ஃபேனும் ஓட ஆரம்பித்தது, ஃபேன் சுவிட்ச் தனி, மீட்டர் சென்சார் தனி. முள் மட்டும் கால்வாசியைத் தாண்டவில்லை.

சென்சார் பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டும், 30 ஓமுக்கு மேல் காட்டியது. வண்டி ஆறின பிறகு கழற்றிப் பார்த்தால் மரை முழுக்க டெஃப்லான் டேப்! ஒற்றை ஒயர் சென்சாருக்கு அதன் பாடிதான் எர்த், அதில் போய் கரண்டைத் தடுக்கும் டேப்பைச் சுற்றியிருக்கிறார்கள். அதோடு சென்சாரே சரியில்லை என்பது அப்புறம் தெரிந்தது. பக்கத்து டீக்கடையிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளர் வெந்நீர் வரவழைத்து, என்னுடையதையும் அவரிடம் இருந்த ஒரிஜினல் சென்சார் ஒன்றையும் மாற்றி மாற்றி முக்கினார். சூடு ஏற ஏற இதன் ஓம் (மின்தடை) குறைய வேண்டும், அப்போதுதான் முள் ஏறும். ஒரிஜினல் 30-க்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது, என்னுடையது 60-க்குக் கீழே வரவே இல்லை. ஜி.பி. ரோட்டில் ஒரிஜினல் வாங்கி வந்து கொடுத்தேன், டேப் இல்லாமல் வாஷர் மட்டும் வைத்து முடுக்கினார்.

கூலண்டை நிரப்பி, உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றிய பிறகுதான் வண்டியை விட்டார். தண்ணீர் குறைந்து சென்சார் காற்றில் நின்றால், எஞ்சின் கொதித்தாலும் முள் கீழேயே இருக்கும் என்று எச்சரித்தார். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்லும் மெக்கானிக் பக்கமே போகாதே என்றும் சொன்னார். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியாகச் சூடேறாது, மைலேஜ் அடிவாங்கும், முள்ளும் எழும்பாது.

குறையும் இருக்கிறது. வண்டி நிறுத்த இடமே இல்லை, பில் கிடையாது, நடுவில் வேறு ஆள் வந்தால் நம் வேலையை வைத்துவிட்டு அதைப் பார்க்கப் போய்விடுகிறார். பாதி நாள் ஓடிவிட்டது. கூலி 700 ரூபாய், சென்சார் விலை தனி. இவ்வளவு சோதனைக்கு இது குறைவு என்றே சொல்வேன்.

அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களும் போகலாம். நான் இருந்தபோதே பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து அதிகம் காட்டிய ஓர் அம்பாசடர் வந்தது, இரண்டும் சேர்ந்து தப்பு பண்ணினால் முதலில் மீட்டருக்குப் பின்னால், இரண்டு மீட்டருக்கும் சீரான வோல்டேஜ் கொடுக்கும் ஸ்டெபிலைசரைத்தான் பார்க்க வேண்டும் என்று நேராக அங்கேதான் போனார். காலையில் கடை திறக்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள், எஞ்சின் ஆறினால்தான் சோதனையை ஆரம்பிக்கிறார், கூட்டமும் அப்போது குறைவு.