வீட்டில் செய்த புரொஜெக்டர்: வெள்ளவத்தையில் நாலு வருடம்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சுவரில் 80 அங்குலப் படம் விழத் தொடங்கி நாலு வருடம் ஆகிவிட்டது. 2021 ஓகஸ்டில் ஊரடங்கு போட்டு எல்லோரும் வீட்டுக்குள் இருந்த நாட்களில் தொடங்கிய வேலை. புரொஜெக்டர் செய்வது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் முதல் படம் சுவரில் விழுந்ததும் அவர்கள் கதை முடிந்துவிடுகிறது. அந்தப் பெட்டி மூன்றாவது மழைக்காலத்தை எப்படிக் கடந்தது, எத்தனை தரம் திறந்து மூட வேண்டி வந்தது என்பதுதான் செய்ய நினைப்பவருக்குத் தெரிய வேண்டியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செய்ததற்குக் காரணம் அப்பா. அவருக்கு விழித்திரையில் பழுது. 32 அங்குல ரீ.வி.யில் கிரிக்கெட் ஸ்கோர் வாசிக்க முடியாமல், "எத்தனை, பிள்ளை, எத்தனை?" என்று ஒவ்வொரு ஓவருக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். கடையில் நல்ல புரொஜெக்டர் விலை கேட்டேன், என் சம்பளத்துக்கு எட்டவில்லை. அப்பா ஒரு காலத்தில் கொட்டாஞ்சேனையில் ரேடியோ திருத்தியவர். அவருடைய சோல்டரிங் அயன் இன்னும் வீட்டில் இருந்தது. அது போதும் என்று இறங்கிவிட்டேன்.

உள்ளே நடப்பது பெரிய வித்தை இல்லை. பின்விளக்கு இல்லாத ஒரு சின்ன எல்.சி.டி. திரை. அதன் பின்னால் ஒரு பலமான எல்.ஈ.டி. திரைக்கு முன்னும் பின்னும் வட்ட வட்டமாக வரி ஓடும் இரண்டு ஃபிரெனல் தாள்கள். பின்னால் இருப்பது விளக்கின் ஒளியை நேராக்கித் திரை வழியே அனுப்பும், முன்னால் இருப்பது அந்த ஒளியைக் குவித்து லென்ஸுக்குள் போடும். வரியுள்ள பக்கம் இரண்டும் எல்.சி.டி.யைப் பார்த்தபடி இருக்க வேண்டும். எல்.சி.டி.க்கு மிகக் கிட்ட வைத்தால் அந்த வட்ட வரிகள் சுவரிலேயே தெரியும். நான் 15 மில்லிமீற்றர் இடைவெளி விட்டிருக்கிறேன்.

என் திரை 5.5 அங்குலம், 2560க்கு 1440 புள்ளி. ரெசின் முப்பரிமாண அச்சு இயந்திரங்களுக்கு மாற்றுத் திரையாக விற்பது. பின்விளக்கு இல்லாமலே வருவதால் பிரித்தெடுக்கும் தலையிடி இல்லை. ஆனால் இந்த வகையில் கறுப்பு வெள்ளைத் திரைகளும் இருக்கின்றன, அச்சு இயந்திரத்துக்கு நிறம் தேவையில்லை. வாங்கும்போது நிறத் திரைதானா என்று இரண்டு தரம் கேளுங்கள்.

லென்ஸின் குவியத் தூரம் 200 மில்லிமீற்றர். 5.5 அங்குலத்தை 80 ஆக்க 14.5 மடங்கு பெருக்க வேண்டும். கணக்குப் போட்டால் லென்ஸிலிருந்து சுவருக்கு 3.1 மீற்றர், எல்.சி.டி.யிலிருந்து லென்ஸுக்கு 21.4 சென்ரிமீற்றர். எங்கள் ஹோலின் நீளத்துக்கு இந்தக் கணக்கு அளவாகப் பொருந்தியது. அறையின் நீளத்தை அளந்துவிட்டுத்தான் லென்ஸ் வாங்க வேண்டும். லென்ஸை முதலில் வாங்கிவிட்டு வீட்டை நீட்ட முடியாது. குவியம் சரிசெய்ய, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் இரண்டு எஸ்லோன் (பி.வி.சி.) குழாய்த் துண்டுகள் போட்டேன். நாலு வருடமாக அதுதான் வேலை செய்கிறது.

பெட்டியை எங்கள் ஒழுங்கையில் வேலைக்கு வரும் மொறட்டுவைத் தச்சுப் பாஸ் ஒருவர் எம்.டி.எஃப். பலகையில் அடித்துத் தந்தார். உள்ளே முழுக்கக் கறுப்பு மேட் பெயின்ற். எல்லாம் சேர்த்து அப்போது 33,000 ரூபாய் அளவில் முடிந்தது. அடுத்த வருடம் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதும் அந்தக் கணக்கெல்லாம் மாறிவிட்டது. 2023இல் திரையையும் அதற்குப் படம் அனுப்பும் எச்.டி.எம்.ஐ. போர்டையும் திரும்ப வாங்கியபோது அவை மட்டும் 24,000.

எல்.ஈ.டி.யும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவரும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன். 100 வாட் என்று எழுதிய தட்டை எல்.ஈ.டி. அதைத் தாளில் சுற்றிக்கொண்டே கடைக்கார நானா சொன்னார்: "தங்கச்சி, நூறுண்டு எழுதியிருந்தா நூறையும் குடுக்கணுமா? எழுபது குடுங்க. நாலஞ்சு வருஷம் பேசாம எரியும்."

அப்போது நான் கேட்கவில்லை. முழு 3 அம்பியர் கொடுத்தேன். பழைய கணினியின் பெரிய ஹீற்சிங்க் (சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகத் துண்டு), அதன் மேல் ஒரு விசிறி, போதும் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திரைச்சீலை எல்லாம் இழுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். படத்தின் நடுவில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கறுப்பு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சோசர் அளவுக்கு விரிந்தது. பயந்துபோய் நிறுத்தினேன். பத்து நிமிடம் கழித்துப் போட்டால் ஒன்றும் இல்லை, படம் பளிச்சென்று இருந்தது. சரி, போய்விட்டது என்று விட்டுவிட்டேன். அதுதான் பிழை. மூன்றாவது தரம் அந்தக் கறுப்பு போன இடத்தில் தேயிலைக் கறை போல ஒரு மஞ்சள் நின்றுவிட்டது.

எல்.சி.டி.க்குள் இருக்கும் திரவப் படிகம் ஒரு அளவுக்கு மேல் சூடானால் தன் ஒழுங்கை இழந்துவிடும், ஒளியைத் திருப்பும் வேலையைச் செய்யாது. ஆறினால் திரும்பிவிடும். ஆனால் அதன் மேல் ஒட்டியிருக்கும் போலரைஸர், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படலம், அப்படி இல்லை. விளக்கைப் பார்த்திருக்கும் பக்கத்துப் படலம் வந்து விழும் ஒளியில் பாதியை விழுங்குகிறது. விழுங்கிய ஒளி எல்லாம் சூடாகிறது. அது கருகினால் கருகினதுதான். கறுப்பு வருவது எச்சரிக்கை, மஞ்சள் வந்தால் திரை போச்சு.

பெட்டியைத் திறந்து கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மாற்றினேன். முதலில் மின்னோட்டத்தை 2.1 அம்பியருக்கு இறக்கினேன். 32 வோல்ற் கணக்கில் 67 வாட், நானா சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்தேன். ஒளி குறைந்தது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அப்புறம் இரண்டு சின்ன விசிறிகளைப் பெட்டியின் கீழே வைத்து, திரையின் இரண்டு முகத்தையும் உரசிக்கொண்டு காற்று மேலே போக வழி விட்டேன். முதல் தடவை ஹீற்சிங்கை மட்டும்தான் குளிர்த்தியிருந்தேன். திரைக்கும் காற்று வேண்டும் என்பது மண்டையில் ஏறவில்லை. பழைய மொனிற்றர் ஒன்றின் பின்விளக்குத் தாள்களுக்குள் கண்ணாடி போல மின்னும் ஒரு தாள் கிடைத்தது. அது வேண்டாத ஒளியை விழுங்காமல் திருப்பி அனுப்பும் வகைப் போலரைஸர். அதைத் தனிக் கண்ணாடியில் ஒட்டி, சரியான கோணம் பார்த்து, திரைக்கும் விளக்குக்கும் நடுவில் நிறுத்தினேன். சூட்டில் பெரும்பங்கு திரைக்கு வராமலே போனது. எல்லா மொனிற்றரிலும் இந்தத் தாள் இருக்காது. கிடைத்தால் விடாதீர்கள்.

கடைசியாக 60 பாகையில் தானாக அறுத்துவிடும் வெப்ப சுவிட்ச் ஒன்று, நூறு ரூபாய்க்குள் முடிந்த சாமான். அதை டிரைவருக்குப் போகும் வயரில் போட்டேன். 230 வோல்ற் ஓடும் வேலை என்பதால் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஹீற்சிங்குக்கு எர்த்தும் கொடுத்துத்தான் மூடினேன். வெப்ப சுவிட்சும் எர்த்தும் இல்லாமல் யாரும் தொடங்க வேண்டாம்.

2022இல் வேறு ஒரு சோதனை வந்தது. நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலம். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் விளக்கோடு விசிறியும் நின்றுவிடும், ஹீற்சிங்கில் தேங்கிய சூடு பெட்டிக்குள்ளேயே சுற்றும். அந்த நேரம் வீட்டுக்கு வீடு ரவுட்டருக்கு மினி யூ.பி.எஸ். வாங்கினார்கள். அது 12 வோல்ற், என் விசிறிகளும் 12 வோல்ற். ஒன்றைப் பெட்டிக்கு ஒதுக்கிவிட்டேன். கரண்ட் போனாலும் விசிறிகள் ஓடிக்கொண்டே இருக்கும், அஞ்சு நிமிடம் கழித்துக் கையால் நிறுத்துவேன். கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் ஒரு டிரைவர் கருகியது. அதன்பிறகு வோல்ற்றேஜ் பாதுகாப்பு உள்ள பிளக்கில்தான் மாட்டுகிறேன்.

வெள்ளவத்தையில் கடல் கிட்ட. உப்புக்காற்றில் சாதாரண ஸ்குரூ எல்லாம் ஆறு மாதத்தில் துரு. துருத்தூள் ஃபிரெனலில் விழுந்து புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. இப்போது எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. லென்ஸில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க, பார்க்காத நாட்களில் அதைக் கழற்றி சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் வைக்கிறேன். காற்று நுழையும் ஓட்டைகளில் பழைய நைலோன் காலுறை இழுத்துக் கட்டியிருக்கிறது. அது இல்லாத காலத்தில் ஒரு நாள் 2 மில்லிமீற்றர் எறும்பு ஒன்று திரைக்கு மேல் ஏறியது. சுவரில் கிட்டத்தட்ட 3 சென்ரிமீற்றர் எறும்பு, ஆறு காலும் தெளிவாக, தலைகீழாக நடந்துபோனது. லென்ஸ் எல்லாவற்றையும் கவிழ்த்துக் காட்டுவதால் எல்.சி.டி.யைத் தலைகீழாகத்தான் மாட்டியிருக்கிறேன். எறும்பு நேராக நடந்தாலும் சுவரில் கவிழ்ந்துதான் தெரியும். அடுத்த நாளே காலுறை கட்டினேன்.

கரையோர ரயில் போகும்போது படம் நடுங்கும். சைக்கிள் ரியூப்பை வெட்டி நாலு மூலைக்கும் வைத்ததில் பெரும்பாலும் நின்றுவிட்டது.

தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு தொந்தரவு, இந்தத் திரை பிறப்பிலேயே நெட்டாக நிற்கும் திரை. என் எச்.டி.எம்.ஐ. போர்டு படத்தைத் திருப்பித் தராது. கணினியில் திரையைத் திருப்பும் வசதி உண்டு, அதனால் பழைய லப்ரொப் ஒன்றை நிரந்தரமாக இதோடு கட்டிவிட்டேன். ரீ.வி. பெட்டியையோ ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கையோ நேரே செருகலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். நிறத்திலும் முதல் எல்.ஈ.டி. எனக்குப் பிடிக்கவில்லை, முகங்கள் எல்லாம் காய்ச்சல்காரர் போல வெளிறி இருந்தன. 2023இல் திரையோடு சேர்த்து, நிறத்தை நன்றாகக் காட்டும் உயர் சி.ஆர்.ஐ. எல்.ஈ.டி.யும் மாற்றினேன். ஒளி கொஞ்சம் குறைவு, ஆனால் தோல் தோலாகத் தெரிகிறது.

வெளிச்சம் பற்றி நேராகச் சொல்கிறேன். நிறத் திரை தன்மேல் விழும் ஒளியில் ஐந்து வீதம் அளவில்தான் வெளியே விடும். எவ்வளவு பெரிய எல்.ஈ.டி. போட்டாலும் பகலில் யன்னல் திறந்துவைத்துப் பார்க்க முடியாது. படம் பிடிக்கும் நண்பி ஒருத்தியின் லக்ஸ் மீற்றரை வாங்கி ஒவ்வொரு வருடமும் அளக்கிறேன். உயர் சி.ஆர்.ஐ. எல்.ஈ.டி. போட்ட புதிதில் சுவரின் நடுவில் 100, மூலையில் 60. போன மாதம் நடுவில் 78. எல்.ஈ.டி. கிழடாகிவிட்டது என்று கவலைப்பட்டு, மாற்றுவதற்கு முன் ஃபிரெனல் இரண்டையும் திரையையும் மெல்லிய துணியால் துடைத்துப் பார்த்தேன். 94 வந்துவிட்டது. போனதில் முக்கால்வாசி தூசி. வருடத்தில் இரண்டு தரம் துடையுங்கள், ஃபிரெனலை வரியோடு வரியாக, அழுத்தாமல்.

சுவருக்கு வெள்ளை மேட் எமல்ஷன். சுற்றிலும் மெயின் வீதியில் வாங்கிய கறுப்பு வெல்வெற் துணியில் நாலு அங்குல ஓரம். அந்த ஓரம் போட்ட அன்றுதான் இது சினிமாவாக மாறியது என்று சொல்வேன். ஆனாலும் இருட்டுக் காட்சிகளில் கறுப்பு முழுக் கறுப்பாக இராது, சாம்பல்தான். இரவில் நடக்கும் படம் என்றால் எனக்கே அலுப்பு வரும். கிரிக்கெட், பாட்டு, பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்கள், இதற்கெல்லாம் குறையே இல்லை.

மலிவு விலையில் வரும் குட்டிப் புரொஜெக்டர் வாங்கினால் என்ன என்று கேட்கிறார்கள். சித்தியின் மகன் வாங்கியது பழுதாகிப்போய்த் திறந்து பார்த்தேன். உள்ளே இதே அமைப்புத்தான். எல்.ஈ.டி., இரண்டு ஃபிரெனல், நடுவில் ஒரு எல்.சி.டி. பெட்டியில் 1080 என்று பெரிதாக எழுதியிருந்தது, உள்ளே இருந்த திரை 800க்கு 480. சின்ன எழுத்து வாசிக்க வேண்டும் என்றால் அது சரிவராது. நேரமில்லாதவர்கள் கடையில் வாங்குங்கள், ஆனால் திரையின் சொந்தப் புள்ளி எத்தனை என்று கேட்டு வாங்குங்கள். கையில் மூன்று மாத வார இறுதியும், இருட்டாக்கக்கூடிய ஓர் அறையும், சூட்டோடு மல்லுக்கட்டப் பொறுமையும் இருந்தால் செய்யலாம்.

2022 செப்ரெம்பர் 11, டுபாயில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. தொடர்மாடியில் எங்கள் தட்டில் இருந்த எல்லோரும் ஹோலுக்குள். பானுக ராஜபக்ஷ 71 ஓட்டம், கடைசிவரை ஆட்டமிழக்கவில்லை. இலங்கை 170. பாகிஸ்தான் 147க்குச் சுருண்டது. மேல்மாடி மாமி ஸ்கோர் கேட்டபோது பதில் சொன்னது அப்பா. கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, விக்கெட், ஓவர், இன்னும் தேவைப்படும் ஓட்டம் என்று வரிசையாக வாசித்தார். இப்போதும் ஸ்கோர் சொல்வது வீட்டில் அவருடைய வேலைதான்.

அடுத்ததாக லென்ஸை மேலே கீழே நகர்த்த ஒரு தகடு செய்கிறேன். பெட்டி இப்போது சோபாவுக்குப் பின்னால் தோள் உயரத்தில் நிற்கிறது, யாராவது எழும்பினால் நிழல் விழுகிறது. லென்ஸ் மட்டும் நகர்ந்தால் பெட்டியை உயர்த்தி வைத்தாலும் படம் கோணாமல் விழும். பாஸ் வருகிற சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.