சேலத்திலிருந்து முத்துப்பேட்டைக் கரையை வரைய: க்யூஜிஐஎஸ் பற்றி

கடல் மட்டம் உயர உயர, திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடும் அதற்குப் பின்னாலுள்ள உமரித் தரையும் (உமரிச் செடி வளரும் உப்புச் சதுப்பு) எந்தப் பக்கம் நகர்கின்றன என்று வகுப்பில் காட்டத்தான் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைப் பழகினேன். சேலத்தில் புவியியல் ஆசிரியை நான். மென்பொருள் இலவசம், யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

கடலுக்கு 270 மீட்டர் மேலே இருக்கும் ஊருக்கு இது எதற்கு என்று கேட்கிறார்கள். மேட்டூர் அணை நம் மாவட்டத்தில்தானே இருக்கிறது? காவிரி கொண்டுவரும் வண்டலில் பெரும்பங்கு 1934 முதல் அங்கே தங்கிவிடுகிறது. முத்துப்பேட்டைக் காயலில் விழும் கோரையாறும் பாமணியாறும் காவிரியின் கிளைகள். வண்டல் படிந்தால் காட்டின் தரையும் கடலோடு சேர்ந்து உயரும். படியாவிட்டால் காடு கரைப்பக்கம் ஒதுங்கியாக வேண்டும். அங்கே இறால் பண்ணையும் மண்கரையும் வழிமறித்தால் முதலில் அழிவது நடுவில் மாட்டிக்கொண்ட உமரித் தரை. இதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

இந்த வேலைக்கு க்யூஜிஐஎஸ் அருமையாகப் பொருந்துகிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோளின் பழைய படம் ஒரு அடுக்கு (படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர்), சென்டினல்-2 செயற்கைக்கோளின் படம் இன்னொரு அடுக்கு (10 மீட்டர்). இரண்டிலும் காட்டின் ஓரத்தைக் கோடாக வரைந்து, இடைவெளியை அங்கேயே அளந்துவிடலாம். ஆனால் ஒரே மாதத்துப் படங்களாக எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிக் கிடக்கும் சேற்றுத் திட்டு சித்திரையில் காய்ந்துவிடும்; மாதம் மாறினால் இல்லாத மாற்றம் தெரியும். ஓதம் ஏறிய நேரமா இறங்கிய நேரமா என்பதையும் பார்க்க வேண்டும்.

படத்தில் எது காடு, எது நீர் என்று தானாக வகைப்படுத்தும் நீட்சியை (மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் நிரலை) மட்டும் நம்பாதீர்கள். அலையாத்தியும் சீமைக் கருவேலமும் அதற்குக் கிட்டத்தட்ட ஒரே பச்சை. அந்த ஊர் மீனவர் ஒருவரிடம் படத்தைக் காட்டிக் கேட்பது மேல்.

அப்புறம், உயரத் தரவு. எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரக் கோப்பை எடுத்து, ஒரு மீட்டருக்குக் கீழே இருப்பதையெல்லாம் நீலமாக்குவதுதான் எளிதான பாடம். இந்த வேலைக்கு அது உதவாது. 2000-ஆம் ஆண்டில் ரேடாரால் எடுத்த அந்தத் தரவில் உயரம் முழு மீட்டரில்தான் இருக்கிறது; காடு உள்ள இடத்தில் தரைக்குப் பதில் மரத்தின் உயரமும் கலந்துவிடுகிறது. உலக சராசரிக் கடல் மட்டமோ 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அதோடு, நீலம் தண்ணீர் எட்டும் இடத்தைத்தான் சொல்லும். எந்தச் செடி எங்கே வேர்விடும் என்று சொல்லாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நீண்டகால ஆதரவுப் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். முழுப் படத்தையும் ஏற்றாமல் காயல் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் சாதாரண மடிக்கணினியே போதும்.