சுரங்கத்து மண்ணில் பிறந்த சிவப்பு: ஃபாலு பெயின்ட் அடித்துப் பார்த்த அனுபவம்

சுவீடனில் நகரத்தைத் தாண்டி வண்டி கொஞ்ச தூரம் போனதுமே இந்தச் சிவப்பு கண்ணில் பட ஆரம்பித்துவிடும். பிர்ச் மரங்களுக்கு நடுவே ஒரு மர வீடு, சுவரெல்லாம் செங்காவி, மூலைப் பலகையும் ஜன்னல் சட்டமும் மட்டும் வெள்ளை. அடுத்த வீடும் அப்படித்தான், அதற்கடுத்த மாட்டுக் கொட்டிலும் அப்படித்தான். ஃபாலு சிவப்பு என்று பெயர். போன கோடையில் எங்கள் கோடை வீட்டு விறகுக் கொட்டகைக்கு இதே பெயின்ட்டை நானும் மனைவியும் சேர்ந்து அடித்தோம். ஒரு முழுக் குளிர்காலத்து மழையும் பனியும் அதன் மேல் பட்டாயிற்று என்பதால் இப்போது எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரம்பம் அறுத்த சொரசொரப்பு அப்படியே இருக்கிற பலகைச் சுவரா, யோசிக்காமல் வாங்குங்கள். இழைப்புளி ஓட்டி வழவழப்பாக்கிய பலகையா, அல்லது ஏற்கெனவே வேறு பெயின்ட் ஏறிய சுவரா, அப்படியென்றால் இது வேண்டாம்.

தாலர்னா மாகாணத்தில் ஃபாலூன் என்ற ஊரில் ஒரு பெரிய செம்புச் சுரங்கம் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் செம்பில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது. செம்பு எடுத்த பிறகு வெளியே கொட்டிய கழிவுப் பாறை மலை மலையாகக் குவிந்தது, காலப்போக்கில் காற்றும் மழையும் பட்டு மக்கி இரும்புச் சத்துள்ள மண்ணாக மாறியது. அந்த மண்ணை அலசி, படியவிட்டு, உலர்த்தி, சூளையில் சுட்டால் இந்தச் சிவப்புப் பொடி கிடைக்கிறது. 1764லிருந்து இதை ஒரு தொழிலாகவே செய்துவருகிறார்கள். சுரங்கத்தை 1992இல் மூடிவிட்டார்கள், 2001இல் அது யுனெஸ்கோ பாரம்பரிய இடமாகிவிட்டது, ஆனால் பெயின்ட் மட்டும் இன்னும் வருகிறது. யாரோ எப்போதோ வேண்டாமென்று கொட்டிய மண் இத்தனை வீடுகளை மழையிலிருந்து காத்து நிற்கிறது என்பது எனக்கு ரொம்பவே பிடித்திருக்கிறது.

அந்தச் சுரங்கம் எப்படிக் கிடைத்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. கோரே என்று ஒரு ஆடு. மேயப் போன இடத்தில் தரையில் புரண்டு முட்டிவிட்டு, கொம்பெல்லாம் சிவப்பாக வீடு திரும்பியதாம். இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனவர்கள் செம்பைக் கண்டுபிடித்தார்களாம். அங்குள்ளவர்கள் இன்றும் குழந்தைகளுக்குச் சொல்கிற கதை. எங்கள் பையனுக்கு இதைச் சொன்ன பிறகு கீழ்வரிசைப் பலகை முழுவதையும் அவனே அடித்து முடித்தான்.

இன்னொன்று கதையில்லை, நடந்தது. 1677இல் மட்ஸ் என்ற இளைஞர் சுரங்கத்துக்குள் காணாமல் போனார். 1719இல் தண்ணீர் நிறைந்த ஒரு பழைய சுரங்கப் பாதையில் ஒரு உடல் கிடைத்தது, நேற்று இறந்தவர் போல இருந்ததால் யாரென்று ஒருவருக்கும் புரியவில்லை. கடைசியில் ஒரு மூதாட்டி வந்து பார்த்து, இவர் எனக்கு நிச்சயித்த மாப்பிள்ளை என்றார். அவருக்கு 42 வருடம் ஓடிவிட்டது, இவருக்கு ஓடவில்லை. சுரங்க நீரில் கரைந்திருந்த விட்ரியால் என்கிற உலோக உப்புதான் உடலைக் கெடாமல் வைத்திருந்தது. நான் இதை இங்கே இழுத்து வருவதற்குக் காரணம் உண்டு: பெயின்ட்டில் பூஞ்சையும் உளுத்தலும் வராமல் இருக்கச் சேர்க்கிற அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) அதே விட்ரியால் குடும்பத்து உப்புதான். டப்பாவைத் திறந்து கலக்கும்போது அந்த மூதாட்டி நினைவுக்கு வந்துவிட்டார், கொஞ்ச நேரம் கை ஓடவில்லை.

சரி, உள்ளே என்னென்ன இருக்கிறது? தண்ணீர், சிவப்புப் பொடி, மாவு, அன்னபேதி, ஆளிவிதை எண்ணெய். மாவு என்றால் உண்மையாகவே தானிய மாவுதான், கஞ்சி போலக் காய்ச்சி அதில் பொடியைக் கலக்கிறார்கள். முன்பு ரை என்ற தானியத்தின் மாவில் வீட்டிலேயே காய்ச்சிக்கொள்வார்கள், இன்றும் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. நாங்கள் கடை டப்பாதான் வாங்கினோம், 10 லிட்டர் டப்பா இரண்டு, கொட்டகையின் நாலு பக்கமும் இரண்டு கோட்டுக்குச் சரியாக இருந்தது. பொடி கனம் என்பதால் அடியில் போய் உட்கார்ந்துவிடும், அடிக்கடி கலக்கிக்கொண்டே அடிக்க வேண்டும். நாங்கள் முதல் நாள் இதில் அசட்டையாக இருந்ததால் வடக்குச் சுவரில் மேலே வெளிறியும் கீழே அழுத்தமாகவும் வந்துவிட்டது, இரண்டாவது கோட்டில்தான் சமமானது. பிரைமர் தேவையில்லை. பிரஷ்ஷைத் தண்ணீரில் கழுவினால் போதும். மணம்கூட நன்றாகத்தான் இருக்கிறது, ஈர மண்ணும் எண்ணெயும் கலந்த மாதிரி.

சாதாரண பெயின்ட் மரத்தின் மேல் ஒரு தோல் மாதிரி படியும். எங்காவது ஒரு விரிசல் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நிற்கும், மரம் உளுக்கும், பெயின்ட் செதில் செதிலாக உரியும். இது தோலாகப் படியாது. பொடி மரத்தின் சொரசொரப்பில் பிடித்துக்கொள்கிறது, ஈரம் வந்த வழியே போய்விடுகிறது. அதனால் உரிவது என்ற பேச்சே இல்லை, வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் பொடியாக உதிர்ந்து மங்கும், அவ்வளவுதான். பத்து வருடம் கழித்து மறுபடி அடிக்கும்போது சுரண்டவோ உப்புத்தாள் போடவோ வேண்டாம், விறைப்பான பிரஷ்ஷால் தட்டிவிட்டு மேலேயே அடிக்கலாம். இதற்காகவே ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

குறை என்றால், கையில் ஒட்டும். காய்ந்த பிறகும் ஒட்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்கள் சுவரைத் தடவி, சிவந்த உள்ளங்கையைக் காட்டி, சரியாகத்தான் அடித்திருக்கிறீர்கள் என்று சிரித்தார். சாய்ந்து உட்காரும் திண்ணைச் சுவருக்கோ, குழந்தைகள் உரசி ஓடும் வாசலுக்கோ இது ஒத்துவராது. அழுக்கானால் தேய்த்துக் கழுவவும் முடியாது. அப்புறம் இன்னொரு விஷயம்: எங்கள் கொட்டகையின் ஒரு பக்கத்தில் முன்பிருந்தவர்கள் அக்ரிலிக் பெயின்ட் அடித்திருந்தார்கள், அதன் மேலேயே அடிக்கலாம் என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி அடித்தோம். பிடிக்கவே இல்லை, முதல் பெருமழையில் சிவப்பாக வழிந்து கல்தரையெல்லாம் கறை. கடைசியில் அந்தப் பக்கத்துப் பலகைகளைக் கழற்றிப் புதிதாகப் போட வேண்டியதாகிவிட்டது. ஆகவே டப்பாவின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்புங்கள், முழுவதும் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்தச் சிவப்பு ஆரம்பத்தில் ஆசைக்கு அடித்த வேஷம்தான். 17ஆம் நூற்றாண்டில் செங்கல் மாளிகை கட்ட முடியாத பிரபுக்கள், மர மாளிகைக்குச் சிவப்படித்துச் செங்கல் போலக் காட்டினார்கள். சாதாரணக் குடியானவர்கள் வீட்டுக்கு அது வந்துசேர ரொம்ப காலம் ஆனது. பக்கத்து நாடான பின்லாந்திலோ, சிவப்புக் குடிசையும் உருளைக்கிழங்குத் தோட்டமும் என்றொரு சொல்வழக்கே உண்டு, சொந்தமாக ஒரு சின்ன வீடு, நிம்மதியான வாழ்க்கை என்று அதற்கு அர்த்தம். மாளிகையின் ஆசை நிறம் குடிசையின் நிறைவு நிறமாக மாறியிருக்கிறது.

துளிகூடப் பளபளப்பு கிடையாது. மழை நனைத்தால் ஈரல் நிறத்துக்கு இருளும், மாலை வெயில் சாய்ந்து விழுந்தால் உள்ளே கனல் இருப்பது போல ஒளிரும், பனி சூழ்ந்த ஜனவரியில் அந்த வெளியில் கண்ணுக்கு இதமான ஒரே நிறம் அதுதான். இதை எந்த நிற அட்டையிலும் பார்க்க முடியவில்லை. பிளாஸ்டிக் பெயின்ட்டில் இதே நிறம் என்று விற்பதை ஒரு பலகையில் அடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், காலையில் ஓரளவு ஒத்துப்போனது, மாலையில் அது செத்துக் கிடந்தது.

வெளிர் சிவப்பு, சிவப்பு, கறுப்பு கலந்த அடர் சிவப்பு என்று வகைகள் உண்டு. நாங்கள் எடுத்தது நடுவில் இருப்பது. இந்த ஜூனில் வீட்டின் தெற்குச் சுவரை ஆரம்பிக்கிறோம், டப்பா வாங்கி வைத்தாயிற்று, பையன் கீழ்வரிசை தனக்கென்று இப்போதே சொல்லிவிட்டான்.